கொடியேற்றத்துக்கு முன் வரவேண்டிய டயர்

ஜூலை 8, திங்கள்

பின் டயரை மாற்ற வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

நேற்று மணப்பாடு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, ஆறுமுகநேரி தாண்டி உப்பளங்களுக்கு நடுவில் வண்டி இழுத்துக்கொண்டு போனது. சாலை நேராகக் கிடந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் உப்பில் பட்டு வெள்ளையாக அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி பிலோமி காரணமே இல்லாமல் "ஏசுவே!" என்று கத்தினாள். காதுக்குள் கத்தினால் யாருக்கும் கால் பிரேக்குக்குத்தான் போகும். எனக்கும் போனது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. ரோட்டில் கறுப்பாகக் கோடு போட்டபடி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது.

விழவில்லை. முந்நூற்று ஐம்பது கிலோ க்ரூசர் பைக்கை, பின்னால் ஒரு ஆளோடு, விழாமல் நிறுத்த இந்தத் தூத்துக்குடியில் எத்தனை பேருக்கு வரும்? பிலோமிக்கு மட்டும் சைலன்சர் பட்டுக் காலில் பொரிந்துவிட்டது. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீணாகக் கத்திவிட்டோமே என்ற வெட்கமாக இருக்கும்.

காலையில் டயரைத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. செத்த ரப்பர். நல்ல ரப்பராக இருந்தால் ரோட்டைப் பிடித்திருக்கும். துறைமுகத்தில் ஒரு ஆயுள் முழுக்கக் கிரேன் ஓட்டியவன் நான். எது பிடிக்கும், எது நழுவும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த நோட்டு புதிது. கடைக்காரன் கோடு போட்டது என்று கொடுத்தான். கோடு இருக்கிற மாதிரியே தெரியவில்லை. மையில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

சுடலைமுத்து கடைக்குப் போனேன். எட்டயபுரம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதன். அவனும் பெரிய வண்டி வைத்திருக்கிறான், ஆனால் என் வண்டி அளவுக்குப் பெரிது இல்லை.

குனிந்து டயரைப் பார்த்தான். நகத்தால் கீறினான். பிறகு அந்த மழமழ இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"டயரு நல்லாத்தானவே இருக்கு. இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

"ரப்பர் காஞ்சு போச்சு."

"காயல. இது பிரேக்குல தேய்ஞ்சது. நீரு பூட்டி இழுத்திருக்கீரு. என்னத்துக்கு அப்படி மிதிச்சீரு?"

"பிலோமி கத்துனா."

"என்னத்துக்குக் கத்துனாவளாம்?"

"அத அவகிட்டக் கேளு. எனக்கு டயர் வேணும். அவ்வளவுதான்."

அவன் சிரித்துக்கொண்டே கேட்டலாக்கைத் தூக்கி என் முன்னால் போட்டான். என் வண்டிக்கு நூற்று எண்பது, எழுபது, பதினாறு. அந்த அளவில் மூன்று வகைதான் கிடைக்கும். ஒன்று பழைய பாணி பயாஸ். விலை குறைவு, கனமான வண்டிக்குத் தாங்கும், ஆனால் சூடேறினால் குழையும். இரண்டாவது ரேடியல், நடுவில் கெட்டி ரப்பர், நீண்ட நாள் உழைக்கும். மூன்றாவதும் ரேடியல்தான், மெதுவான ரப்பர். சீக்கிரம் தேயும், ஆனால் பசை போட்ட மாதிரிப் பிடிக்கும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை நூல் பிடித்த மாதிரி நேர் சாலை. அதில் ஓடுகிற எந்தப் பின் டயரும் நடுவில் மட்டும் தேய்ந்து சதுரமாகிவிடும். அதனால் எல்லோரும் கெட்டி ரப்பரைத்தான் வாங்குவார்கள்.

நான் மெதுவான ரப்பர் கேட்டேன். அது தேயட்டும். பிடித்தால் போதும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கப்பல் வராத நாட்களில் கிரேன் கூண்டுக்குள் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவன் நான்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட நீரு இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டீரு" என்றான் சுடலை.

சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆகஸ்ட் இருபத்தெட்டுக்கு முன்னால் வந்தாக வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வியாழன்

ஏன் இருபத்தெட்டு என்பதை எழுதி வைக்கிறேன். ஆகஸ்ட் இருபத்தொன்பது மாலை வேளாங்கண்ணியில் கொடியேற்றம். நாங்கள் பெரிய வண்டிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முதல் நாள் விடியலில் இங்கே கோயில் வாசலிலிருந்து கிளம்புவோம். முன் வண்டி என்னுடையது. முன் வண்டியின் பின் சீட்டில் இருப்பவர் கையில் எங்கள் கோயிலில் மந்திரித்த கொடி இருக்கும். ஆரம்பித்த வருஷத்திலிருந்து அது பிலோமிதான்.

முன் வண்டிக்காரன் கையைத் தாழ்த்தினால் வேகத்தடை. வலது காலை நீட்டினால் பள்ளம். அதைப் பார்த்து அடுத்தவன் செய்வான், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். பின்னால் வருகிற எவனும் ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை, முன் வண்டியைப் பார்த்தால் போதும். அப்படி ஒரு நம்பிக்கை.

போன ஞாயிறு நடந்தது எப்படியோ கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வருஷம் முன் வண்டிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று ஒருவன் சுடலையிடம் கேட்டானாம். பிழை டயரில். டயர் மாறட்டும், நானே முன்னால் போய்க் காட்டுகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

டயர் வரவில்லை. ஸ்டாக் இல்லையாம்.

ஜூலை 26, வெள்ளி

இங்கே பனிமய மாதா கோயில் கொடியேறிவிட்டது. ஊரெல்லாம் கூட்டம். விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று பெயர், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு புகைவட்டம். மட்டமான பல்பு. பிலோமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கூட்டத்தில் அவளுக்குப் பயம். படி இருக்கிற இடமாகப் பார்த்து அழுத்திப் பிடிக்கிறாள்.

டயர் கப்பலில் வருகிறதாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கப்பலில் வருகிறது என்று என்னிடமே சொல்கிறான் சுடலை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு எப்படிவே தெரியும்" என்று காற்றடிக்கிற மெஷினைப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. காற்றடிக்க அங்கே எந்த டயரும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று உடம்பெல்லாம் எரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் டயர் கம்பெனியின் சென்னை ஏஜென்டுக்கு நானே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அளவைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன்.

"அந்த ஆர்டரா சார்? அது போன மாசமே அனுப்பிட்டோமே. திரும்ப வந்துருச்சு."

"யாரு திருப்புனா?"

"டீலர்தான் சார். கஸ்டமர் வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னாரு."

போனை வைத்தேன். சுடலை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், போன ஞாயிறுகூட. என் தட்டுக்கு எதிர்த்தட்டில் மீன் முள்ளை எடுத்து வைத்துக்கொண்டே "இன்னும் கஸ்டம்ஸ்ல கெடக்குவே" என்றான். பிலோமி அவனுக்குக் குழம்பு ஊற்றினாள்.

கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வந்த டயர ஏன்டா திருப்புன?"

அவனை நான் டா போட்டுப் பேசியதில்லை. கடையில் இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"மோத்தா, உக்காரும்" என்று என் பெயரைச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்கார மாட்டேன். சொல்லு."

"மதினி வந்து கேட்டாவ. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

"டயர் எனக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேரும்தான அந்த வண்டியில போறிய" என்றான். தலையைக் குனிந்துகொண்டு வால்வு மூடியைத் திருகித் திருகிக் கழற்றினான்.

வீட்டுக்கு வந்தேன். பிலோமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நாந்தான் திருப்பச் சொன்னேன்" என்றாள். நான் கேட்கும் முன்னாலேயே. சுடலை போன் பண்ணியிருப்பான்.

"ஏன்?"

"டயரு மாத்திட்டா நீங்க ஓட்டுவிய. ஓட்டப்பிடாது."

"டயர் நழுவுனதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீ கத்துன."

கீரையைக் கீழே வைத்தாள். "நான் ஏன் கத்துனேன்னு ஒருநாளாவது கேட்டியளா? உப்புப் பெட்டியைத் தலையில வச்சுகிட்டு ஒரு பொம்பள ரோட்ட தாண்டிகிட்டு இருந்தா. நீங்க நேர அவ மேல போனிய."

"எந்தப் பொம்பள?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ரோட்டில் யாரும் இல்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ரோடு வெறுமையாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

பிலோமியிடம் பேசவில்லை. சுடலை வந்தான். கதவைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறாள். சாப்பிடுகிறேன். சாப்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஓய்வு பெற்றதும் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து இந்த க்ரூசரை வாங்கி வந்தபோது, பிள்ளையில்லாத வீட்டுக்கு இரும்பில் பிள்ளை வந்திருக்கிறது என்று தெருவில் பேசினார்கள். அன்றைக்கு முதல் ஆளாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் பிலோமி. சேலைக்கு மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகம் வரைக்கும் வந்தாள். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினாள். அவளே இதைச் செய்தாள் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சுடலையை மன்னிக்க ஒரு காரணமாவது தேடலாம். இவளுக்கு என்ன காரணம் தேடுவது?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரையில் ஒரு கடையில் அதே டயர் இருக்கிறது என்று போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். முதலில் ஏறிய பஸ் திருநெல்வேலிக்குப் போகிற பஸ். போர்டைச் சிவப்பு விளக்கில் எழுதி ஓடவிடுகிறார்கள், எழுத்தா கோலமா என்று தெரிவதில்லை. நம் பக்கத்து ஊர்ப் புதுக்கோட்டை தாண்டித்தான் கண்டக்டர் சொன்னான். இறங்கித் திரும்ப வந்தேன்.

மதுரைக் கடைக்காரர் மரியாதையான ஆள். கெட்டி ரப்பர்தான் நிறைய ஓடும் என்று விற்கப் பார்த்தார். "எனக்கு ஓட வேண்டாம், நிக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் மெதுவான ரப்பரைக் கொண்டுவந்தார். அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் அமுங்கியது. இதுதான்.

லாரியில் போட்டு அனுப்புகிறேன் என்றார். இனி யாரை நம்பி எதை அனுப்புவது? தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வந்து பஸ் ஏறினேன்.

கண்டக்டர் வழியை மறித்தான். "பெருசு, இது என்னது?"

"டயர்."

"டயருன்னு தெரியுது. எங்க பஸ்ஸுக்கே ஸ்டெப்னி இல்லாம ஓட்டிக்கிட்டிருக்கோம், நீங்க சும்மா தூக்கிட்டு அலையுறீக."

பஸ் முழுக்கச் சிரித்தது.

"டிக்கெட் எடுத்துக்கறேன்."

"அதுக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா? வயசு என்ன ஆகுது?"

"பிறந்து நாலு மாசம்" என்றேன். மதுரைக்காரர் சொன்ன தயாரிப்புத் தேதிப்படி.

"கைக்குழந்தை! அப்ப ஃப்ரீ. மடியில வச்சுக்கங்க."

எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. குழந்தையோடு நின்ற ஒருத்தி, "தாத்தா, பாப்பாவ இதுல உக்கார வைக்கட்டா?" என்று கேட்டாள். தாத்தா என்று கூப்பிட்டது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். அந்தப் பிள்ளை டயருக்கு நடுவில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூத்துக்குடி வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. இந்த மாதத்தில் என்னை ஏமாற்றாத ஒரே ஜீவன்.

ஆகஸ்ட் 21, புதன்

பின் சக்கரத்தை நானே கழற்றி ஆட்டோவில் போட்டுச் சுடலை கடைக்குக் கொண்டுபோனேன். கேட்கவில்லை, உத்தரவாகச் சொன்னேன். "மாட்டு."

"மாட்ட மாட்டேன் மோத்தா."

"உன் தொழில் அதுதான?"

"தொழில்தான். நாளைக்கு உமக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கையாலதான் மாட்டுனேன்னு நான் சாவுற வரைக்கும் நெனைக்கணும். வேற எங்கயாவது போரும்."

போனேன். பைபாஸில் ஒரு லாரி டயர் கடை. பையன்கள் லாரி டயரைத்தான் பார்த்திருக்கிறார்கள். குழல்விளக்குக்குக் கீழே வைத்து, "அண்ணாச்சி, இது எந்தப் பக்கமா..." என்று ஒருவன் இழுத்தான். "எனக்குத் தெரியும், நான் சொல்லுறபடி போடு" என்றேன். போட்டான்.

வீட்டு முற்றத்தில் சக்கரத்தை ஏற்றி நட்டுகளை இறுக்கி முடித்தபோது இருட்டிவிட்டது. பிலோமி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அருமையாகப் பிடிக்கிறது. பிழை டயரில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாளை விடியலில் புறப்பாடு. தனியாகப் போவதாக இருந்தேன். சாயங்காலம் பிலோமி கொடியைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, தன் பைமேல் வைத்திருந்தாள். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. ஆனால் பை தயாராக இருக்கிறது. அவளுக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இருட்டிலேயே கோயில் வாசலில் எல்லா வண்டியும் வரிசையில் நின்றது. என் வண்டி முன்னால். பிலோமி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கொடியைப் பிரித்துக் கையில் பிடித்தாள். அவள் இன்னொரு கை என் இடுப்பில் இருந்தது. இறுகப் பிடித்திருந்தாள், முன்னெல்லாம் இப்படிப் பிடிக்க மாட்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. தன் வண்டியைத் தானே பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது. அடுத்தவன் பார்த்துச் சொல்ல வேண்டும். தன் பிழை தனக்குத் தெரியாது என்பதற்காக வைத்த விதி. வைத்தவன் நான்தான். என் வண்டியைப் பார்ப்பது எப்போதும் சுடலை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தான், விளக்குகளைப் பார்த்தான், பின்னால் போய்க் குனிந்தான். எழுந்திருக்கவே இல்லை.

பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "மோத்தா, கொஞ்சம் எறங்கும்" என்றான்.

"என்ன?"

"சத்தம் போடாதீரும். டயர மாத்திப் போட்டிருக்குவே. அம்பு பின்னால பாக்குது."

பின்னால் பன்னிரண்டு இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. இறங்கினேன். குனிந்தேன். அவன் டார்ச்சை டயரின் பக்கவாட்டில் அடித்தான். கறுப்பாக இருந்தது. எல்லாம் கறுப்பாக இருந்தது.

"எந்த அம்பு?" என்றேன்.

பின் சீட்டிலிருந்து பிலோமி இறங்கினாள். நான் கேட்டு வாய் மூடுவதற்குள் இறங்கிவிட்டாள்.

சுடலை என் கையைப் பிடித்து, விரலை டயரின்மேல் வைத்தான். இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு, மேடாக, கூர்மையாக. பின்னால் பார்த்துக்கொண்டு. எந்தப் பக்கம் உருள வேண்டும் என்பதற்காகப் போடுகிற அம்பு. மழையில் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வெட்டுகள், மாற்றிப் போட்டால் உள்ளே இழுக்கும். இதைச் சுடலைக்குச் சொன்னவனே நான்தான்.

"யாருகிட்டயும் சொல்லல" என்று கிசுகிசுத்தான். "கிளட்ச் வயர் போச்சுன்னு சொல்லிரும். நான் பாத்துக்கிடுதேன்."

என் பெயரால் அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வரிசைக்குக் கேட்கும்படி நானே சொன்னேன். "டயர திருப்பி மாட்டியிருக்கு! பைபாஸ் கடைப் பயலுவ செஞ்ச வேல!"

ஒருவனும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் சிரித்திருந்தால் அவனைத் திட்டியிருப்பேன்.

பிலோமி கொடியைச் சுடலையின் கையில் கொடுத்தாள். "நீங்க போங்க அண்ணே. மாதாகிட்ட எங்களையும் சொல்லுங்க."

"நீங்களும் பின்னால வர்ற சாமான் வேன்ல வாங்களேன் மதினி."

"நான் இவுக கூட இருக்கேன்."

என் கூட இருக்கிறாளாம். என் வண்டியிலிருந்து எல்லோர் முன்னாலும் இறங்கியவள். அவர்கள் போனார்கள். பின் விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சிவப்பாகப் போய் மறைந்தன. நான் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். அவள் சீட்டின்மேல் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் பேசியதாகிவிடும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாயங்காலம் சுடலை போன் செய்தான். எடுக்கவில்லை. பிலோமியின் போனில் கூப்பிட்டான். கொடியேறிய சத்தம் அதில் கேட்டது, ஆயிரம் பேர் "மரியே வாழ்க" என்றார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 31, சனி

டயரை நானே திருப்பினேன். சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையும் இரண்டு லீவரும் வைத்து. மெதுவான ரப்பர், ஆனால் விளிம்பு இரும்பு மாதிரி. பாதியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வியர்வை வழிந்தது. பிலோமி ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கேட்கவில்லை. விளிம்பில் சோப்பு போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நான் லீவரைப் பிடித்தேன். அவள் எதிர்ப்பக்கம் முட்டி போட்டு விளிம்பை அழுத்தினாள். "இன்னும் கொஞ்சம் எனக்கு நேர" என்றாள். இருபது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ம்" என்றேன்.

அம்பு முன்னால் பார்க்கிறது. இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வண்டியை எடுக்கவில்லை. காற்று பலமாக இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காற்று இல்லை. ஆனால் டாங்கில் இருப்பது பழைய பெட்ரோல்.

செப்டம்பர் 5, வியாழன்

புதுப் பெட்ரோல் போட்டேன். வண்டியை வாசல் வரை உருட்டினேன். எதிரே பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெருவெல்லாம் பிள்ளைகள். சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தெரியவில்லை. திரும்ப உள்ளே உருட்டிவிட்டேன். இந்தத் தெருவில் பிள்ளைகளை ஒழுங்காக வளர்ப்பதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். சுடலை வந்தான். இந்தத் தடவை கதவு திறந்துதான் இருந்தது, அதனால் உள்ளே வந்துவிட்டான். வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டிலை மேஜைமேல் வைத்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "சரியாப் போட்டிருக்கீரு" என்றான். "தெரியும்" என்றேன். பிலோமி இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தாள். அவனிடம் நான் இன்னும் பேசவில்லை. காப்பி குடித்தது பேசியதாகாது.

அடுப்படியில் இரண்டு பேரும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். மறுபடியும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் பிலோமி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு. திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரியில காட்டணும். தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வாங்க."

இவள் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கிறவள். மாத்திரை அட்டையில் இருக்கிற எறும்பு எழுத்தை அடுப்படியில் நின்றுகொண்டே வாசிக்கிறவள். கடலில் போகிற படகு யாருடையது என்று கரையிலிருந்தே சொல்லுவாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வருசமா இருக்கும். சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. வெளிச்சத்தப் பாத்தா சுத்தி வட்டமாத் தெரியுது. கறுப்புல கறுப்பு தெரிய மாட்டேங்கு."

நான் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் டோக்கன் போட்டிருக்கு" என்றாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு போட்டா ஒண்ணு ஃப்ரீயாம்."

எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு திட்டம் கிடையாது. இதுவும் சுடலையின் மூளையாகத்தான் இருக்கும், அவளுக்கு இவ்வளவு மோசமாகப் பொய் சொல்ல வராது. காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னானாம். அவன் காரில் ஏற மாட்டேன், பஸ்ஸில் போகலாம் என்றேன்.

என்னை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏமாற்றுவது இது இரண்டாவது முறை. முதல் முறை தெரியாமல் ஏமாந்தேன். ஆனால் ஒரு மனுஷி தனக்குக் கண் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, துணைக்கு வா என்று கேட்கும்போது, புருஷன் என்று இருக்கிறவன் என்ன செய்வான்?

வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். துணைக்குத்தான் போகிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் அவளைக் கூப்பிடட்டும்.